மெடல் குத்திக்கொள்ளும் நாட்கள்

பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும் ஆண்பிள்ளையை அவருக்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, அவருக்குப் பிறகும் பார்க்கவில்லை. கரண்ட் போய்த் திரும்பி வரும்போது விளக்கு கொஞ்சம் மினுக்கினால் போதும், முன்கட்டிலிருந்து குரல் வரும். "எனக்கு பயமா இருக்கும்மா. ஒயரு எங்கயோ உரசுது." புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னால், "எனக்கு பயமா இருக்கு. அந்த முருங்க மரம் நிக்காது." மணி என்ன என்று கேட்டவருக்கு மணி சொல்வதுபோலச் சொல்வார். முகத்தில் வெட்கம் இருக்காது. குரலில் நடுக்கமும் இருக்காது.

இத்தனைக்கும் அவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். எந்தோஷின் என்று அவர் சொல்லும் வியட்நாம் பக்கத்திலும், அப்புறம் அல்ஜீரியாவிலும் சண்டையைப் பார்த்தவர். அடிபட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிவருவது அவர் வேலை. துப்பாக்கி பிடித்ததைவிட அந்தக் கட்டையைப் பிடித்ததுதான் அதிகம் என்பார். அங்கே வாங்கிய மெடல்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு போட்டு வைத்திருந்தார்.

முதலியார்பேட்டையில் அவர் வீட்டின் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அவர் மனைவி நாங்கள் குடிவருவதற்கு முன்பே இறந்துவிட்டார். ஒரே மகள் பிரான்சில். நான் அவரை ஐயா என்பேன். தெருவில் எல்லாரும் சொல்தா என்பார்கள், முகத்துக்கு நேராகவே.

நானும் பயந்தவள்தான். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் ஊர் தவளக்குப்பத்துக்குத் தெற்கே. நாற்று நட ஆள் போதவில்லை என்று அம்மா கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் அதில் எனக்கு ஆகாத ஏதோ எழுதியிருக்கிறது என்றுதான் தோன்றும். கேஸை மூடிவிட்டுத் திரும்பவும் போய்ப் பார்ப்பேன். கணவர் வர நேரமானால் சாலையில் என்னென்ன நடந்திருக்கலாம் என்று வரிசையாக நினைப்பேன். ஆனால் வெளியே சொல்ல மாட்டேன். சொன்னால் நடந்துவிடும் என்று ஒரு பயம். என் பயம் வயிற்றுக்குள் இருந்தது, அவர் பயம் வாசலில் உட்கார்ந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கணவர் மில் தொழிலாளி. அப்போது மில் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. அவருக்கு எங்கள் இருவரையும் கேலி செய்வதுதான் பொழுதுபோக்கு.

"முன்கட்டுல ஒரு பயம், பின்கட்டுல ஒரு பயம். நடுவுல நான் ஒருத்தன் தைரியமா இருந்து இன்னா பண்றது?"

ஐயா சிரிக்காமல் பதில் சொல்வார். "நீ பயப்படலேன்னு சொல்றத கேட்டா எனக்கு இன்னும் பயமா இருக்குடா."

மெடல் விஷயத்துக்கு வருகிறேன். பிரெஞ்சுத் தேசிய நாளில் கடற்கரை நினைவுச் சின்னத்துக்கு முன்னால் எல்லாச் சொல்தாக்களும் கோட்டுப் போட்டு மெடல் குத்திக்கொண்டு நிற்பார்கள். அது வழக்கம். ஆனால் இவர் சம்பந்தமே இல்லாத நாட்களிலும் குத்திக்கொள்வார். பல் பிடுங்கப் போனபோது குத்திக்கொண்டு போனார். கரண்ட் ஆபீசுக்குப் போனபோதும். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஜன்னலில் இருந்தே, "சொல்தாவுக்கு இன்னிக்கு எங்க பொண்ணு பாக்கறாங்க?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் பெருமைக்காகத்தான் போடுகிறார் என்று நினைத்திருந்தேன்.

அது பெருமை இல்லை என்று தெரிந்தது பென்ஷனுக்காக அவரோடு துணைக்குப் போன நாளில். பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் அலுவலகத்துக்கு நேரில் போய், தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வர வேண்டும். ஐயாவுக்கு அந்த நாள் வந்தாலே காலையில் இட்லி இறங்காது. கண்ணாடி முன்னால் நின்று மெடல்களை ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டே சொன்னார்:

"என்னைப் பாத்துட்டு, இந்த ஆளு உசுரோட இல்லேன்னு சொல்லிட்டா?"

"என்னா ஐயா பேச்சு இது. எதிர்ல நிக்கற ஆள எப்பிடி அப்பிடி சொல்லுவாங்க?"

"நான் உசுரோட இருக்கேன்னு நான் சொன்னா செல்லாதும்மா. அவன் சொல்லணும். இவ்ளோ நாளு ஒழுங்கா சொல்லிட்டான். இந்த வாட்டி என்னமோ, எனக்கு பயமா இருக்கு."

சட்டைப் பையின் மேல் கடைசி மெடலைக் குத்தினார். அப்போதுதான் பார்த்தேன், அவர் விரல்கள் அதைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தன. கோயில் கயிற்றைக் கையில் கட்டியதும் சிலர் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. அன்று அந்த அலுவலகத்தில் இருந்த பையன் ஐயாவைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் சொன்னான், கையெழுத்துப் போட்டான், வேலை முடிந்தது. வெளியே வந்து ஐயா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "இருக்கேன்மா, இருக்கேன்" என்றார். ஏதோ நான்தான் சந்தேகப்பட்டேன் என்பதுபோல.

அதற்குப் பிறகு எனக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது. மெடல் வெளியே வந்தால் ஐயா பயந்திருக்கிறார். அந்தக் காலத்தில் ஊருக்குள் இருந்த ஆஸ்பத்திரியில் மெடல் போட்ட சொல்தா வந்தால் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, உள்ளே இருப்பவர் எழுந்து வருவார் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தப் பழக்கம். மெடலைப் பார்த்தால் உலகம் தன்னை நன்றாக நடத்தும் என்று அவர் நம்பினார்.

சுனாமி வந்துபோன கொஞ்ச நாளில் தேங்காய்த்திட்டுக்கு மீன் வாங்கப் போக வேண்டும் என்றார். ஊரில் யாரும் மீன் தொடாத நேரம் அது. என் கணவரும் நானும் கூடப் போனோம். வெள்ளைச் சட்டையில் மெடல்கள் வெயிலில் மின்ன, படகுகள் பக்கம் அவர் நடந்துபோனதைப் பார்த்து ஒரு மீன்காரம்மா கூடையை விட்டு எழுந்தே விட்டாள்.

"இன்னா சொல்தா, கடல சுடவா வந்துகீற?"

"இல்லம்மா. பயமா இருக்கு, அதான் போட்டுகினு வந்தேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். பிறகு கூடையிலிருந்து நல்ல சங்கரா மீனாக எடுத்து வைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "எங்க வூட்டு ஆம்பள ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கறான். எல்லாம் குடிச்சிட்டு படுத்துகினு இருக்கு. கேட்டா உடம்பு வலியாம்."

அந்தச் சில ஆண்டுகள் டிவியில் தினமும் சண்டை காட்டினார்கள். பாக்தாத், அப்புறம் ஆப்கானிஸ்தான், திரும்பவும் பாக்தாத். சாயங்காலம் நாங்கள் மூவரும் முன்கட்டில் உட்கார்ந்து பார்ப்போம். குண்டு விழும்போது ஐயா அசைய மாட்டார். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைக் காட்டினால் மட்டும் நாற்காலி நுனிக்கு வந்துவிடுவார். "மெதுவா, மெதுவா. தல ஆடுது பாரு."

ஒருநாள் அவரே சொன்னார். கூடாரத்துக்கு வெளியே அடிபட்டவர்களை வரிசையாக இறக்கி வைப்பார்களாம். ஒரு டாக்டர் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போவார். யாரால் சீக்கிரம் எழுந்து திரும்பச் சண்டைக்குப் போக முடியுமோ, சில நாட்களில் அவனுக்குத்தான் முதலில் கட்டுப் போடுவார்களாம்.

"வலி அதிகமா இருக்கறவனுக்கு இல்லையா ஐயா?"

"வலிய யாரும்மா பாத்தாங்க? ஆளு தேவைப்பட்டுது."

இன்னொன்றும் சொன்னார். ஸ்ட்ரெச்சரின் அந்தப் பக்கத்தைப் பிடித்தவன் ஒரு வடஆப்பிரிக்கக்காரன். அவன் நாடு தனியாகப் போனதும் அவன் பென்ஷனை அன்றைக்கு இருந்த தொகையிலேயே நிறுத்திவிட்டார்கள், விலைவாசி ஏற ஏற அது ஏறவில்லை. "நான் காகிதத்துல பிரெஞ்சுக்காரன், எனக்கு ஏறிச்சு. ஸ்ட்ரெச்சரு ஒண்ணுதான். மேல வந்த குண்டும் ஒண்ணுதான். அந்தப் பக்கம் புடிச்சவனுக்கு ஒரு ரேட்டு, இந்தப் பக்கம் புடிச்சவனுக்கு ஒரு ரேட்டு." டிவியைக் காட்டினார். "இதோ இந்தப் பசங்களையும் பாரு. இப்ப கொடி சுத்தி அனுப்பறாங்க. நாளைக்கு கால் இல்லாம வந்து நிப்பானுங்க, அப்ப எந்த ஆபீசு ஜன்னல்ல போய் நிக்கணும்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். எனக்கு பயமா இருக்கு."

என் கணவர் வழக்கம்போல, "உங்களுக்காவது சண்ட போட்டதுக்கு ஒரு நாடு குடுக்குது ஐயா. நான் வயசு பூரா தறியோட சண்ட போட்டேன். எனக்கு எந்த நாடு குடுக்கும்?" என்றார்.

நான் சிரித்தேன். ஐயா சிரிக்கவில்லை. "குடுக்கணும்" என்றார். "உனக்கும் குடுக்கணும்." சொல்லிவிட்டு டிவியை நிறுத்தினார்.

மில் முழுதாக நின்றுபோயிற்று. மில் இருந்தவரை உடம்புக்கு வந்தால் போய்க் காட்ட ஓர் இடம் இருந்தது, மருந்து வந்தது. அதுவும் கூடவே நின்றது. என் கணவர் ஒரு துணிக்கடைக் கிடங்கில் மூட்டை தூக்கப் போனார். அந்த நாட்களில் என் பயத்துக்கு ஒரே ஒரு உருவம்தான். இவர் படுத்துவிட்டால்?

படுத்தார். ஒருநாள் காலையில் குழாயடியில் குடத்தைத் தூக்கியவர் அப்படியே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை. "வாயுதான், சோடா வாங்கியா" என்றார். அவர் சிரிக்காமல் பேசியதைக் கேட்டதும் முன்கட்டுப் பக்கம் ஓடினேன். கத்தினேன். ஐயா வந்து பார்த்தார். ஆட்டோவைக் கூப்பிடு என்று எனக்குச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். ஆட்டோ வந்தபோது அவரும் வந்தார், வெள்ளைச் சட்டை, நெஞ்சு நிறைய மெடல். ஊசி ஒன்று சரியாக மாட்டாமல் ஒரு மெடல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

கவர்மென்ட் பெரியாஸ்பத்திரிக்குப் போகத்தான் கிளம்பினோம். ரயில்வே கேட் சாத்தியிருந்தது. இந்தப் பக்கம் லாரி, பஸ், பள்ளிக்கூட வேன் எல்லாம் அடைத்துக்கொண்டு நின்றன. என் கணவர் என் மடியில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பக்கமே புதுசா ஒரு ஆஸ்பத்திரி இருக்குது. போவட்டா?" நான் ஐயாவைப் பார்த்தேன். ஐயா, "போப்பா, போ" என்றார்.

கண்ணாடிக் கட்டடம். உள்ளே குளிர். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. முன்மேசையில் இருந்த பெண் அவர்களைக் கையால் ஒதுக்கிவிட்டு, ஐயாவின் சட்டையைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"வாங்க சார்! பிரெஞ்சு பென்ஷனா சார்?"

"ஆமாம்மா. இவன கொஞ்சம் சீக்கிரம் பாருங்கம்மா. எனக்கு பயமா இருக்கு."

"கவலையே படாதீங்க சார். பேஷண்ட் உங்களுக்கு என்ன வேணும்?"

ஐயா யோசிக்கவே இல்லை. "புள்ள" என்றார்.

சக்கர நாற்காலி வந்தது. ஆட்கள் ஓடிவந்தார்கள். கதவு திறந்தது, மூடியது. ஐயா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மெடல் வேலை செய்துவிட்டது என்று அந்த முகம் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்தத் தலைகீழாகத் தொங்கிய மெடலை நானே நிமிர்த்திவிட்டேன்.

நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். அதை நான் சொல்லத்தான் வேண்டும். ஊசி போட்டார்கள், வலி நின்றது. ஆனால் அதற்கு அப்புறம் நிற்கவே இல்லை. ஒரு பரிசோதனை முடிந்து இன்னொன்று, அது முடிந்து இன்னொன்று. மாடியில் ஏசி அறை போட்டுவிட்டோம் என்றார்கள். மதியத்துக்கு மேல் டாக்டர் வந்து ஒரு படத்தைக் காட்டி, இங்கே அடைப்பு, இங்கேயும் அடைப்பு, நாளைக்குள் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். படத்தில் எனக்குத் தெரிந்தது மரக்கிளை மாதிரி ஏதோ.

"செய்யலேன்னா சார்?"

"நாங்க கேரண்டி தர முடியாது. எப்ப வேணா எது வேணா ஆகலாம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்ப வேணா, எது வேணா. நான் வாழ்நாள் முழுவதும் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு படித்தவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து சொல்லிவிட்டார்.

பிறகு டை கட்டிய ஒரு தம்பி வந்தான். ஐயாவுக்குக் கைகொடுத்து, "பொன்ழூர் முசே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னான். இருவருக்கும் காபி வரவழைத்தான். சொல்தாக்கள் நிறையப் பேர் இங்கேதான் வருகிறார்கள், வாரத்துக்கொரு நாள் வேன் அனுப்பிக் கூட்டிவந்து இலவசமாகப் பரிசோதனை செய்கிறோம் என்றான். சிரிப்பு மாறாமலேயே கேட்டான்.

"பென்ஷன் எந்த பேங்குல முசே வருது? வீடு உங்க பேர்லதானே? ஒரு கையெழுத்து மட்டும் போட்டீங்கன்னா நாங்க ஏற்பாட ஆரம்பிச்சிடுவோம். உங்க பையன் உயிர்தானே முக்கியம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது என் கணவரை அல்ல. ஐயாவின் சட்டையை. கிடங்கில் மூட்டை தூக்குகிற ஆளுக்கு இந்தக் கதவு இவ்வளவு சீக்கிரம் திறந்திருக்குமா, அவன் நெஞ்சுக்குள் இத்தனை படம் எடுத்திருப்பார்களா? எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பம் எனக்கு நினைவு வந்தது. அவர்கள் எங்கே போனார்களோ.

"இவரு அவரோட புள்ள இல்லீங்க" என்றேன். "நாங்க வாடகைக்கு இருக்கறவங்க."

அந்தத் தம்பியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் மாறிற்று. "அதுக்கென்னம்மா. பெரியவரு மனசு வச்சா சரி" என்று காகிதத்தை ஐயா பக்கம் நகர்த்தி, பேனாவைத் திறந்து வைத்தான்.

ஐயா பேனாவை எடுத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. ஐயாவோடு வாடகையைத் தவிர எங்களுக்கு ஒரு உறவும் கிடையாது. கையெழுத்துப் போட்டால் போவது அவர் வீடு. போடாவிட்டால் என் கணவர். இரண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேனோ, இன்றைக்கும் அதை நினைத்துப் பார்க்கப் பயம். ஐயா என்னைக் கேட்கவில்லை. பேனாவைப் பிடித்தபடி அந்தத் தம்பியிடமே சொன்னார்.

"தம்பி, எனக்கு பயமா இருக்கு. போடவும் பயமா இருக்கு, போடாம இருக்கவும் பயமா இருக்கு. நான் கொஞ்சம் கீழ போய் உக்காந்துக்கறேன்."

கீழே வாசல் கூடத்தில், கண்ணாடிக் கதவுக்கு நேரே இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். யாராவது பார்த்தால் பார்த்தவரிடம் சொல்வார். குழந்தையோடு வந்த ஒருவரிடம், "எங்க புள்ளைய உள்ள வச்சிருக்காங்க. எதுக்குன்னு எனக்கு வெளங்கல. பயமா இருக்குது" என்றார். அந்த மனிதர் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

வேன் வந்து நின்றது அப்போதுதான். அன்று அவர்கள் வேன் அனுப்புகிற நாள் போலிருக்கிறது. நாலைந்து கிழவர்கள் இறங்கினார்கள், எல்லாரும் சொல்தாக்கள். முன்னால் வந்தவர் தொப்பி போட்டிருந்தார், தடியை ஊன்றிக்கொண்டு கதவைத் தாண்டியதுமே ஐயாவைப் பார்த்துவிட்டார்.

"டேய், இன்னாடா மெடலோட குந்திகினு இருக்க? இன்னிக்கி இன்னா, பரேடா?"

"பயமா இருக்குடா."

தொப்பிக்காரர் சிரிக்கவில்லை. அவர்கள் ஐயாவோடு பட்டாளத்தில் இருந்தவர்கள், ஐயா பயந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று தெரிந்தவர்கள். சுற்றிக்கொண்டு நின்றார்கள். ஐயா நடந்ததைச் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. திட்டவும் இல்லை. ஊசி போட்டதும் வலி நின்றதையும் சொன்னார். வீடு யார் பேரில் என்று கேட்டதையும் சொன்னார். கடைசியில், "இவங்க நல்லவங்களா கெட்டவங்களா, எனக்கு தெரியல. தெரியாததுனாலதான் பயமா இருக்குது" என்றார்.

பின்னால் நின்ற ஒல்லிக் கிழவர், "நான் ஷுகரு மட்டும்தான் பாக்க வந்தேன்" என்றார் மெதுவாக. "என்னையும் உள்ள வச்சிக்குவானா?"

"உனக்கு வூடு ரெண்டு இருக்குல்ல? ஓடிப் போயிடு" என்றார் தொப்பிக்காரர்.

ஒல்லிக் கிழவர் வந்த வழியே திரும்பி நடந்தார். அவர் பின்னால் இன்னொருவர். வேன்காரன், "பெருசு, எங்க போறீங்க, டோக்கன் போட்டாச்சு" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடினான்.

டை கட்டிய தம்பி மாடிப்படியில் இறங்கி வேகமாக வந்தான். இந்தத் தடவை முசே இல்லை.

"தாத்தா, என்னா பண்றீங்க? எதுக்கு எல்லாரையும் பயமுறுத்தறீங்க?"

"நான் பயமுறுத்தல தம்பி. நான் பயப்படறேன்."

"அத மேல ரூம்ல போய் பயப்படுங்க."

"அங்க தனியா இருக்க பயமா இருக்குது."

தொப்பிக்காரர் கெக்கலித்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே இருப்பவர் என் கணவர். இவர்களைக் கோபப்படுத்தினால் அங்கே அவருக்கு என்ன செய்வார்களோ என்று மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தம்பி எங்களைப் பார்த்தான், காலியாக நின்ற வேனைப் பார்த்தான், உள்ளே போனான்.

கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டார்கள். அதுவரை செய்ததற்குப் பணம் கட்டிவிட்டு அழைத்துப் போகலாம் என்றார்கள். ஐயா கட்டினார். எவ்வளவு என்று கடைசிவரை எனக்குச் சொல்லவே இல்லை. டாக்டர் சொன்னதை மீறி நாங்களாகத்தான் கூட்டிப்போகிறோம், வழியில் எது நடந்தாலும் இவர்கள் பொறுப்பில்லை என்று ஒரு காகிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். என் பேரை மட்டும்தான் எனக்கு வேகமாக எழுத வரும். அன்றைக்கு அதுவும் வரவில்லை. எழுத்து எழுத்தாகக் கூட்டி எழுதினேன். எழுதி முடிப்பதற்குள், பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கணவர் செத்துவிடுவாரோ என்று ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்ந்து அவர் நெஞ்சைப் பார்த்தேன்.

ஆட்டோவில் ஏற்றினோம். கேட் திறந்திருந்தது. நடுவில் என் கணவர், அந்தப் பக்கம் ஐயா, இந்தப் பக்கம் நான். ஏசி அறையில் படுத்திருந்த தெம்போ என்னமோ, இவருக்குக் கேலி திரும்பியிருந்தது. "நல்ல மெத்த ஐயா. கொஞ்ச நேரம் தூங்கியிருப்பேன், அதுக்குள்ள எழுப்பிட்டீங்க."

ஐயா அவரைப் பார்க்கவில்லை. மெடல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் பயமா இருக்கா ஐயா?" என்று கேட்டேன்.

"இப்பதாம்மா ரொம்ப பயமா இருக்குது."

"எதுக்கு? அதான் வெளிய வந்துட்டமே."

"அவங்க சொன்னது நெசமா இருந்தா?"

என் கை என்னை அறியாமல் கணவர் நெஞ்சின் மேல் போய் உட்கார்ந்தது. அந்த ஒன்றைத்தான் நான் அதுவரை நினைக்காமல் ஒதுக்கி வைத்திருந்தேன். பணத்துக்காகச் சொல்கிறவன் சொல்வதெல்லாம் பொய்யாக இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி. அவன் வாயில் நிஜமும் வரும் என்பதுதான் பயங்கரம். மெய்யாகவே அடைப்பு இருந்து, மெய்யாகவே நாளைக்குள் அறுக்க வேண்டியிருந்து, நாங்கள் மூவருமாகச் சிரித்துக்கொண்டு சாவை நோக்கி ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தால்? யாரைப் போய்க் கேட்பது? வைத்தியத்தை வியாபாரமாக்கியவர்கள் எங்களிடமிருந்து பணத்தை மட்டுமா எடுத்துக்கொண்டார்கள்? ஒரு டாக்டர் சொன்னால் அதை நம்பிப் படுப்போமே, அதையும் எடுத்துக்கொண்டார்கள். ஆட்டோ குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் ஐயா என் கணவரின் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பெரியாஸ்பத்திரியில் எங்களுக்காக யாரும் எழுந்து நிற்கவில்லை. வராந்தா முழுக்க ஆட்கள், பாயில், துண்டில், வெறும் தரையில். வரிசையில் நின்றோம். ஐயாவும் நின்றார். பென்ஷன் என்று ஒருவரும் கேட்கவில்லை, மெடலும் பையில் இருந்தது. எங்கள் முறை வந்தபோது உள்ளே இருந்தது ஒரு சின்ன வயது டாக்டரம்மா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அந்த ஆஸ்பத்திரி கொடுத்த படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அடைப்பு இருக்கறது உண்மைதான். அவங்க பொய் சொல்லல."

ஐயா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், அல்லது நான் அவரை.

"ஆனா நாளைக்கே அறுக்கணும்னு எனக்குத் தோணல. மாத்திரை ஆரம்பிக்கலாம். இங்க வச்சு பாக்கலாம்."

"அப்பறம் டாக்டரம்மா?" என்றேன்.

"அப்பறமும் பாக்கலாம்."

"ஆபரேசனு வேணாமா?"

"ஒருநாள் வேண்டியிருக்கலாம். எப்பன்னு இப்ப எப்படிம்மா சொல்றது?"

ஐயா முன்னால் வந்து மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். "டாக்டரம்மா, தப்பா நெனக்காதீங்க. நீங்க சொல்றதும் நெசந்தானா? எங்களுக்கு இப்ப யாரு சொன்னாலும் பயமா இருக்குது."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அந்தப் பெண் படத்தைக் கீழே வைத்துவிட்டு ஐயா பக்கம் திரும்பினார். "எனக்கும்தான் பயமா இருக்கு தாத்தா. சொல்லி முடிச்சப்புறம், சரியாத்தான் சொன்னமான்னு" என்றார். கழுத்திலிருந்த குழாயை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, வெளியே இருந்த கூட்டத்தைப் பார்த்து அமைதியாக இருக்கும்படி கையைக் காட்டினார். என் கணவரின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் குழாயை அவர் நெஞ்சில் வைத்தார்.

"மூச்ச நல்லா இழுங்க."

சொன்னது அவரிடம்தான். நாங்கள் மூன்று பேரும் இழுத்தோம். குழாய் நெஞ்சில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்தது, அங்கேயே நின்றது. டாக்டரம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மூச்சை விடுங்கள் என்று அவர் சொல்வதற்காக நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம்.